வீட்டு வேதாகமத்தில் எழுதிய பிறப்பும் இறப்பும்: படியெடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் அப்பம்மாவின் வேதாகமத்தில், பின்னட்டையின் உட்பக்கத்தில் ஒரே பெயர் இரண்டு முறை எழுதியிருக்கும். இரண்டுக்கும் இடையில் இரண்டு வருடம். நான் முதன்முதலில் அந்தப் பக்கத்தைக் கொப்பியில் எழுதியபோது, யாரோ மறந்துபோய் இருமுறை எழுதிவிட்டார்கள் என்று எண்ணி ஒன்றை விட்டுவிட்டேன். எழுதி முடித்ததை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரை பேசாமல் கேட்டுவிட்டு, "எங்கட மூத்த அக்காவை எங்கை விட்டனி?" என்று கேட்டார்.

ஏழு மாதத்தில் காய்ச்சலில் போன குழந்தை அது. அடுத்துப் பிறந்த பெண்ணுக்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள். முதல் குழந்தைக்கு வேறு எந்தப் பதிவும் எங்களிடம் இல்லை. சேமக்காலையில் கல் இல்லை, படம் இல்லை. அவள் பிறந்து வாழ்ந்ததற்கு அந்த ஒரு வரிதான் இருந்தது. அந்த வரியைத்தான் நான் விட்டிருந்தேன்.

இலங்கையின் வடக்கே வன்னியில் இப்படிப்பட்ட வேதாகமங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. கடைசிப் போரில் இடம்பெயர்ந்தபோது காணி உறுதியோடும் அடையாள அட்டையோடும் சேர்த்து உரப்பையில் கட்டிக் கொண்டுபோய், மாத்தளன் வரை போய், செட்டிக்குளம் முகாமுக்கும் போய்த் திரும்பி வந்த புத்தகங்கள். அப்படியொன்று உங்கள் கைக்கு வந்திருந்தால், அதில் உள்ளதைச் சேதமில்லாமலும் பிழையில்லாமலும் எப்படிப் படியெடுப்பது என்று நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

எங்கே பார்ப்பது

ஆங்கில வேதாகமங்கள் சிலவற்றில் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் குடும்பப் பதிவுக்கென்றே அச்சடித்த பக்கங்கள் இருக்கும். நம்முடைய தமிழ் வேதாகமங்களில் பெரும்பாலும் அப்படி இருக்காது. ஆகவே நம்மவர்கள் வெறுமையாகக் கிடந்த இடத்தில் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். முன்னட்டை, பின்னட்டை உட்பக்கங்கள், முதல் வெற்றுத்தாள், மல்கியா முடிந்து மத்தேயு தொடங்கும் இடம். இவற்றோடு நின்றுவிடாதீர்கள். சங்கீதப் புத்தகத்தை ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். 23ஆம், 90ஆம் சங்கீதங்களின் ஓரத்திலும் யோபு முதலாம் அதிகாரத்தின் ஓரத்திலும் சாவு நடந்த திகதியை மட்டும் பெயரில்லாமல் குறித்து வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பப்பாவின் செத்தவீட்டுத் திகதி 90ஆம் சங்கீதத்தின் பக்கத்தில்தான் கிடைத்தது.

கத்தோலிக்கக் குடும்பமென்றால் வேதாகமத்தைவிடச் செபப்புத்தகத்தில் தேடுவது நல்லது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) முன்பு வீட்டில் வேதாகமம் வைத்து வாசிக்கிற வழக்கம் அவர்களிடம் குறைவு. சைவக் குடும்பமென்றால் சாதகக் கொப்பியையும் பழைய பஞ்சாங்கங்களின் ஓரங்களையும் பாருங்கள். கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

உள்ளே செருகியிருக்கும் எதையும் எடுத்து எறியாதீர்கள். துண்டுக் கடதாசி, காய்ந்த குருத்தோலை, முடிக்கற்றை எதுவானாலும் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். ஒரு பிறப்பு வரிக்கும் அதற்கு நேரே செருகிய முடிக்கும் தொடர்பு இருக்கலாம்.

தொடும் முறை

கையைக் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு தொடுங்கள். புத்தகத்தை முழுவதுமாக மல்லாத்தி விரிக்க வேண்டாம். இருபுறமும் மடித்த துவாய் வைத்துப் பாதி விரிந்த நிலையில் பாருங்கள். தூசியை மென்மையான காய்ந்த தூரிகையால் தட்டலாம், ஈரத்துணி கூடாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது. சில வருடங்களில் அதன் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். லாமினேட் செய்வது அதைவிட மோசம். எங்கள் உறவினர் ஒருவர், பக்கத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, தாளைக் கழற்றிக் கடையொன்றில் கொடுத்து லாமினேட் செய்வித்தார். சூட்டில் மை மங்கிப் பாதி வரிகள் இப்போது வாசிக்க முடியாமல் இருக்கின்றன. அந்தத் தாளை இனி எவராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

படமெடுத்தல்

கைத்தொலைபேசி போதும். காலை எட்டு ஒன்பது மணிக்குத் திண்ணையில் அல்லது யன்னலருகே, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் எடுங்கள். பிளாஷ் வேண்டாம். முதலில் வெளியட்டை, பிறகு தலைப்புப் பக்கம், அப்புறம் எழுத்துள்ள ஒவ்வொரு பக்கமும் முழுமையாக. மங்கிய பக்கங்களை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் சரிந்து விழும்படி வைத்து இன்னொரு முறை எடுத்தால், பேனையின் அழுத்தத் தடம் தெரியும். மை போன இடத்தில் அந்தத் தடம்தான் பெயரைச் சொல்லும்.

புத்தகம் எப்போது அச்சானது, வரி எப்போது எழுதப்பட்டது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற படி இது. எனக்கு இது மிக முக்கியமானதாகப் படுகிறது. தலைப்புப் பக்கத்தில் அச்சான வருடத்தைப் பாருங்கள். புத்தகம் 1926இல் அச்சாகி, முதல் வரி 1893இல் நடந்த பிறப்பைச் சொன்னால், அந்த வரி பிறந்த அன்று எழுதியதல்ல. பின்னொரு நாள் நினைவிலிருந்தோ பழைய புத்தகத்திலிருந்தோ எழுதியது. பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் நாளிலும் மாதத்திலும் பிசகு இருக்க இடமுண்டு. அதேபோல மையையும் கையெழுத்தையும் கவனியுங்கள். ஆறு பிள்ளைகளின் பிறப்பும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே அளவான எழுத்தில் இருந்தால் ஒரே இருப்பில் எழுதியது. மை மாறி, எழுத்து மாறி, முதுமையில் நடுங்கிய எழுத்தும் வந்தால், அவ்வப்போது நடந்ததை அவ்வப்போதே எழுதியது. இந்த இரண்டாவது வகைக்குத்தான் என் மனதில் அதிக மதிப்பு.

தலைப்புப் பக்கம் கிழிந்துபோயிருந்தால் ஆதியாகமத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். "பராபரன்" என்றிருந்தால் 18ஆம் நூற்றாண்டின் பெப்ரீசியுஸ் மொழிபெயர்ப்பின் வழி வந்தது. "தேவன்" என்றிருந்தால் அதற்குப் பிந்திய மொழிபெயர்ப்பு. பெரும்பாலும் 1871இல் வந்த பவர் ஐயரின் ஐக்கிய மொழிபெயர்ப்பாக இருக்கும். ஆனால் லுத்தரன் சபையார் பெப்ரீசியுசை நெடுங்காலம் கைவிடவில்லை. ஆகவே இதைக்கொண்டு மொழிபெயர்ப்பைச் சொல்லலாமே தவிர வருடத்தைச் சொல்ல முடியாது.

எழுத்துக்கு எழுத்து

ஒரு கொப்பியின் இடப்பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வலப்பக்கத்தை உங்கள் விளக்கத்துக்கு விடுங்கள். பிழையாக எழுதியிருந்தாலும் பிழையாகவே எழுதுங்கள். "எலிசபேத்து" என்றிருப்பதை "எலிசபெத்" ஆக்காதீர்கள். வெட்டியிருந்தால் "வெட்டப்பட்டுள்ளது" என்று குறித்து, வெட்டுக்குக் கீழே தெரிவதையும் எழுதுங்கள். வாசிக்க முடியாத எழுத்துக்குப் புள்ளி வையுங்கள், ஊகத்தை இடப்பக்கத்துக்குள் விடாதீர்கள். நான் அந்தக் குழந்தையைத் தொலைத்தது இந்த இடத்தில்தான். படியெடுத்துக்கொண்டே திருத்தவும் தொடங்கிவிட்டேன்.

பழைய கையெழுத்தில் சில தடங்கல்கள் வரும். மெய்க்குப் புள்ளி வைக்காமல் எழுதுவார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்டமாட்டார்கள். காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். ணா, றா, னா, லை, னை போன்றவை பழைய கூட்டெழுத்து வடிவில் இருக்கும். அப்படிக் குழம்பினால் அதே கை எழுதிய வேறு வரியில், நிச்சயமாகத் தெரிந்த ஒரு சொல்லை எடுத்து, அதன் எழுத்துகளோடு ஒப்பிடுங்கள்.

எண்களும் தமிழில் இருக்கலாம். ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என்பவை ஒன்று முதல் ஒன்பது. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௧௮௯௨ என்று எழுதினாலும் ௲௮௱௯௰௨ என்று எழுதினாலும் 1892தான். பார்வைக்கு ௧ ககரம்போல, ௨ உகரம்போல, ௭ எகரம்போல, ௮ அகரம்போல இருப்பதால் பெயரின் முதலெழுத்தென்று எண்ணி ஏமாறுவோம். கூடவே வரும் குறிகளையும் தெரிந்து வைத்திருங்கள்: ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௸ மேற்படி. மேலே ஒருவருக்கு எழுதிய ஊரை அடுத்தவருக்கு ௸ போட்டு முடித்திருப்பார்கள். அந்தக் குறியைக் கவனிக்காவிட்டால் அவர் பிறந்த ஊர் போய்விடும்.

திகதி

இதில்தான் அதிகம் நிதானம் வேண்டும். நம் ஊரில் தை என்றால் ஜனவரி, மாசி என்றால் பெப்ரவரி, புரட்டாதி என்றால் செப்டெம்பர் என்று ஆங்கில மாதத்துக்கே தமிழ்ப் பெயர் சொல்லுகிற வழக்கம் உண்டு. அதே தை என்ற சொல் பஞ்சாங்கத்துத் தை மாதத்தையும் குறிக்கும், அது ஜனவரி நடுவில்தான் தொடங்கும். வேதாகமத்தில் "தை 5" என்றிருந்தால் ஜனவரி 5ஆ, ஜனவரி 18 வாக்கிலா?

கிழமை எழுதியிருந்தால் தப்பித்தீர்கள். "1950 தை 5" என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 5 வியாழக்கிழமை. பஞ்சாங்கப்படி தை 5, ஜனவரி 18, புதன்கிழமை. வரியில் "புதன்" என்றிருந்தால் எது என்று சொல்லிவிடலாம். பழைய வருடத்து நாட்காட்டியைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். கிழமை இல்லையென்றால் இரண்டையும் வலப்பக்கத்தில் எழுதி வையுங்கள், ஒன்றைத் தெரிவு செய்ய அவசரப்படாதீர்கள்.

வருடத்தின் பெயரை எழுதியிருந்தால் அறுபது வருட வட்டத்தில் தேட வேண்டும். பிரபவ 1927 சித்திரையில் தொடங்கியது, அடுத்த பிரபவ 1987இல். இடையில் 1949 விரோதி, 1954 ஜய, 1960 சார்வரி. வருடம் சித்திரையில் பிறப்பதால் விரோதி வருடத்துத் தை மாதம் 1950இல் விழும். இதை மறந்தால் ஒரு வருடம் குறைந்துவிடும். சுற்றை மாற்றிவிட்டால் பிழை அறுபது வருடமாகிவிடும், ஆனால் தாயின் வயதைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

பிறந்த நாளையும் ஞானஸ்நானம் பெற்ற நாளையும் பிரித்து எழுதுங்கள். சில வரிகளில் ஞானஸ்நானத் திகதி மட்டும்தான் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் உள்ள திகதியோடு முரண்பட்டால் சான்றிதழ்தான் சரி என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். காட்டோரக் கிராமத்திலிருந்து பதிவாளரிடம் போய்ச் சேரப் பிந்தியவர்கள் திகதியைத் தள்ளிச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து எடுத்தது என்று பக்கத்தில் குறியுங்கள்.

பெயர்

ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பது நம்மிடையே சாதாரணம். ஞானஸ்நானப் பெயர், பதிவுப் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர். வேதாகமத்தில் "யாக்கோபு" என்றிருப்பவரை ஊர் முழுவதும் "இராசையா" என்று அறிந்திருக்கும். யோவான், பேதுரு, பவுல், யோசேப்பு என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் புரொட்டஸ்தாந்துச் சபைக்காரக் குடும்பம். அருளப்பர், இராயப்பர், சின்னப்பர், சூசை என்றால் கத்தோலிக்கர். ஒரு பக்கத்தில் முதல் நாலு பிள்ளைகள் ஒரு வகையிலும் கடைசி இரண்டு பேர் மற்ற வகையிலும் இருந்தால், இடையில் குடும்பம் கோயில் மாறியிருக்கலாம். அதுவும் உங்களுக்கு ஒரு செய்திதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்துக் கிளிநொச்சிப் பக்கம் வந்த குடும்பங்களில் திடீரென்று ஒரு அமெரிக்கப் பெயர் தென்பட்டால் திகைக்காதீர்கள். அமெரிக்க மிஷன் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு, அவர்களின் படிப்புக்குப் பணம் அனுப்பியவர்களின் பெயரைச் சூட்டுவது வழக்கமாக இருந்தது. ஆணல்ட் சதாசிவம்பிள்ளை என்ற தமிழறிஞரின் பெயரிலும் இப்படியொரு அந்நியப் பெயரைக் காணலாம். இரத்தக் கலப்பென்று எண்ணிக் கதை கட்ட வேண்டியதில்லை.

ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், முதலாவதுக்கு ஒரு இறப்பு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டாலும் இரண்டையும் எழுதுங்கள்.

பெரியவர்களோடு இருத்தல்

படியெடுத்து முடித்த பிறகுதான் பெரியவர்களிடம் போக வேண்டும், அதற்கு முன்பு போகாதீர்கள். முன்பே போனால் அவர்கள் சொல்வது உங்கள் கண்ணில் ஏறி, பக்கத்தில் இல்லாததையும் வாசிப்பீர்கள். புத்தகத்தையே எடுத்துப் போங்கள். அந்தக் கையெழுத்தைக் கண்டதும் "இது ஐயாவின்ர எழுத்து" என்று தொடங்கிவிடுவார்கள். திகதி கேட்டால் தெரியாது என்பார்கள். நிகழ்ச்சியைக் கேளுங்கள். மன்னார்ப் பக்கம் புயலடித்த வருடம் என்றால் 1964 டிசம்பர். கலவரம் என்றால் 1958ஆ 1977ஆ என்று கேளுங்கள். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களில் பலருக்கு 1977தான் முதல் எல்லைக்கல். இந்தியன் ஆமி வந்தது 1987, யாழ்ப்பாணம் வெறுமையாகிப் பலர் வன்னி நோக்கிப் புறப்பட்டது 1995 ஒக்டோபர் கடைசி, சுனாமி 2004 டிசம்பர் 26. "அதுக்கு முதலோ பிறகோ பிள்ளை பிறந்தது?" என்று கேட்டால் பதில் வரும்.

வெட்டிய பெயரைப் பற்றி எல்லோருக்கும் முன்னால் கேட்காதீர்கள். தனியே, அவர்களாகச் சொல்ல விரும்பினால் மட்டும் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை, வீட்டாரின் சம்மதமில்லாமல் போனவள் என்று அந்த வெட்டுக்குப் பின்னால் ஒரு உயிருள்ள ஆளின் மானம் இருக்கும். உயிரோடிருப்பவர்களின் முழுப்பெயரும் பிறந்த திகதியும் உள்ள பக்கத்தை முகநூலில் போடவும் வேண்டாம்.

கோயிலும் கந்தோரும்

வேதாகமத்து வரியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றப் பதிவுகளைத் தேடலாம். இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1867இல். அதற்கு முந்தியவற்றுக்குக் கோயில் பதிவேடுதான் துணை. பிந்தியவற்றுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவிலக்கம் தெரியாதவர்களுக்கு வேதாகமத்தின் திகதியும் ஊரும் பெற்றோர் பெயரும் பெரிய உதவி, எந்தக் காலத்துக்குள் தேடுவது என்று சொல்ல முடியும்.

மாவட்டத்தில் கவனம் வேண்டும். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முன் அது யாழ்ப்பாண மாவட்டம். முல்லைத்தீவு 1978இல்தான் தனியானது, அதன் பெரும்பகுதி முன்பு வவுனியாவோடு இருந்தது. கத்தோலிக்க மறைமாவட்டமும் அப்படியே: மன்னார் 1981இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. மன்னாரும் வவுனியாவும் அதில் சேர்ந்தன, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாணத்தோடு நின்றன. பழைய பதிவைத் தேடும்போது அந்தக் காலத்து எல்லையைச் சொல்லுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் கிடைத்தால் பாட்டனார் பற்றிய கூட்டைத் தவறாமல் பாருங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த வருடம், இடம் எழுதுகிற கூடு அது. ஒரு சான்றிதழில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும். இன்னொன்று கல்வெட்டு: ஒருவர் இறந்து 31ஆம் நாளில் கொடுக்கிற நினைவு மலர். அதில் வம்சாவளி அச்சடித்திருப்பார்கள். இணைய நூலகம் நடத்தும் நூலகம் நிறுவனம் அப்படிப்பட்ட மலர்கள் பலவற்றை எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறது, உங்கள் உறவினரின் மலரும் அங்கே இருக்கலாம்.

வேதாகமத்து வரி பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகாது. பதியாமல் விட்ட பிறப்பைப் பிந்திப் பதிவதென்றால் ஞானஸ்நானச் சான்றிதழ், பாடசாலைப் பதிவு போன்றவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். அவற்றைத் தேடிப் பிடிக்க வரி வழிகாட்டும்.

காணாமல் போனவர்கள்

வன்னியில் பல வேதாகமங்களில், 2009இல் போரின் முடிவில் காணாமல் போனவர்களின் பெயருக்கு நேரே பிறந்த திகதி மட்டும் இருந்து, இறந்த திகதிக்குரிய இடம் வெறுமையாக இருக்கும். அதை நிரப்பச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள். 2010இன் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமல் போனவர்களுக்கு இறப்புப் பதிவு செய்ய வழி தந்தது. 2016இன் திருத்தம், இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்றே சான்றிதழ் பெறவும் வழி தந்தது. எதை எடுப்பது என்பது அந்தத் தாய்க்கும் மனைவிக்கும் உரிய முடிவு. படியெடுக்கிறவர் இறப்பு என்ற இடத்தில் எதையும் எழுதக் கூடாது. வீட்டார் சொன்னால், வலப்பக்கத்தில் "கடைசியாகக் கண்ட இடம், கண்டவர், நாள்" என்று எழுதுங்கள். எங்கள் கொப்பியில் சித்தப்பாவுக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறேன். சின்னம்மா அதை வாசித்துவிட்டு, இடத்தின் பெயரை மட்டும் திருத்தித் தந்தார்.

தொடர்ந்து எழுதுதலும் வைத்துக் காத்தலும்

புத்தகத்தில் இடமிருந்தால் உங்கள் தலைமுறையையும் அதிலேயே எழுதுங்கள் என்பதுதான் என் எண்ணம். எழுதாமல் விட்டால் அது காட்சிப் பொருளாகிவிடும். பென்சிலால் எழுதுங்கள், நனைந்தாலும் மைபோலப் பரவாது. பெயர், நாள், கிழமை, ஊர், பெற்றோர் பெயர், கீழே எழுதியவர் யார், எழுதிய நாள் எது. பழைய வரியில் பிழை கண்டால் அதன் மேல் கை வைக்காமல் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.

படங்களையும் கொப்பியின் பிரதியையும் மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில், ஒன்று வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம். ஒரே வீட்டில் இருந்த எல்லாம் ஒரே நாளில் போவதை நாம் கண்டிருக்கிறோம்.

புத்தகத்தைச் சொப்பின் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில், நிலத்தில் படாமலும் சுவரோடு ஒட்டாமலும் பலகை மேல் வையுங்கள். கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும். அந்துருண்டையைத் தாள்களுக்குள் போட வேண்டாம். ஐப்பசியில் மாரி தொடங்கமுன் ஒருமுறையும், மழை விட்டு மாசியில் ஒருமுறையும் பெட்டியைத் திறந்து, நிழலில் அரை நாள் காற்றாட வைத்து, தாள்களைப் புரட்டிப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படித் திறக்கிற நாளில் அந்த வருடத்துப் பிறப்பு இறப்புகளையும் எழுதிவிட்டு மூடலாம்.